கோட் பாஸ் ஹட்டுக்கு ஆத்து வழியா போறவங்க பண்ற தப்புகள் (நாங்களும் பண்ணினது)

முதல் தடவை போனப்ப பீலி ஆத்தங்கரையில நாங்க நாலு பேரும் வரிசையா உக்காந்து ஷூவ கழட்டினோம். சாக்ஸ சுருட்டி உள்ள திணிச்சு, லேஸ் ரெண்டையும் முடிச்சு போட்டு கழுத்துல மாலை மாதிரி தொங்கவிட்டு, பேன்ட்ட முட்டிக்கு மேல மடிச்சுக்கிட்டு, ஐயோ அம்மான்னு கத்திக்கிட்டே வெறுங்கால்ல கல்லு மேல தடுமாறி தடுமாறி போய்ட்டிருக்கோம், அப்ப பின்னாடி ஒரு வயசான அம்மா, எப்படியும் எழுபது இருக்கும், பூட்ஸோட அப்படியே தண்ணிக்குள்ள எறங்கி ரோட்டை க்ராஸ் பண்ற மாதிரி நடந்து எங்களை தாண்டி போனாங்க. அந்தப் பக்கம் நின்னு சிரிச்சுக்கிட்டே ஒண்ணு கேட்டாங்க, இப்படி இன்னும் முப்பது தடவை கழட்டி மாட்டப் போறீங்களான்னு. அன்னைக்குதான் தெரிஞ்சது நாங்க தப்பான பாடத்தை படிச்சுட்டு பரீட்சைக்கு வந்திருக்கோம்னு.

இடம் எதுன்னு சொல்லிடறேன். நியூசிலாந்து தெற்குத் தீவுல ஆர்தர்ஸ் பாஸ் நேஷனல் பார்க். கிறைஸ்ட்சர்ச்லேருந்து மேற்க சுமார் 150 கிலோமீட்டர், ஸ்டேட் ஹைவே 73-ல ரெண்டு மணி நேர ட்ரைவ். 1929-லயே நேஷனல் பார்க் ஆன இடம். அங்க மிங்கா - டிசெப்ஷன்னு ஒரு ரூட் இருக்கு, 25 கிலோமீட்டர் சுமாருக்கு, சாதாரணமா ரெண்டு நாள். ஒரு பக்கம் மிங்கா ஆத்தைப் பிடிச்சு மேல ஏறணும், உச்சியில கோட் பாஸ்னு ஒரு கணவாய், அதுக்கு பக்கத்துலயே 20 பேர் படுக்கற மாதிரி ஒரு ஹட், அந்தப் பக்கம் டிசெப்ஷன் ஆத்தோடயே கீழ எறங்கி மறுபடி ஹைவேக்கு வந்து சேரணும். மிங்கா தண்ணி பீலி, வைமகரிரின்னு சேந்து பசிபிக் கடலுக்குப் போகுது, டிசெப்ஷன் தண்ணி ஓட்டிரா, டராமகாவ்னு சேந்து டாஸ்மன் கடலுக்குப் போகுது. அதாவது நீங்க ஏறி எறங்கறது தீவோட முதுகெலும்பை. இந்த ஒரு விஷயம் புரிஞ்சா பாதி தப்பு தானா குறைஞ்சிடும், ஏன்னு பின்னாடி வரும்.

பாலம் கிடையாதா, அப்படின்னுதான் நம்ம ஆளுங்க முதல்ல கேப்பாங்க. டிசெப்ஷன் முடியற இடத்துல ஓட்டிரா ஆத்து மேல ஒரு நடைபாலம் இருக்கு, மாரிசன் ஃபுட்பிரிட்ஜ்னு பேரு. டிசெப்ஷன்குள்ள நீங்கதான் பாலம்.

"ரூட்"னு போட்டிருந்தா அது பாதை இல்ல

இங்க நடக்கறதுக்கு ட்ராம்பிங்னு பேரு. நடக்கற வழிகள டிபார்ட்மென்ட் ஆஃப் கன்சர்வேஷன், எல்லாரும் சுருக்கமா டாக்னு சொல்றது, அவங்க தரம் பிரிச்சு வெச்சிருக்காங்க, சும்மா குழந்தைங்க போற ஷார்ட் வாக்ல ஆரம்பிச்சு கடைசியில "ரூட்"னு ஒண்ணு வரும். ரூட்னா பாதை போட்டு வெச்சிருக்கோம்னு அர்த்தம் இல்ல, இந்தப் பக்கமா போனா போய்ச் சேரலாம், வழிய நீயே பாத்துக்கோன்னு அர்த்தம். காட்டுக்குள்ள போற இடத்துல மரத்துல ஆரஞ்சு கலர் முக்கோணம் அடிச்சிருக்கும், ஆத்துப் படுகையில அதுவும் இருக்காது, யாராவது கல்லு மேல கல்லு அடுக்கி வெச்சிருப்பாங்க, அது போன வருஷ ஆறு ஓடின இடத்துக்கு அடுக்கினதா கூட இருக்கலாம். ஆறு ஒவ்வொரு வெள்ளத்துக்கும் படுக்கை மாத்திப் படுக்கும். அதனால போன மாசம் போன ஃப்ரெண்டோட ஜிபிஎஸ் ட்ராக்க போன்ல போட்டுக்கிட்டு அந்தக் கோடு எங்க ஆத்தை வெட்டுதோ அங்கயே நானும் எறங்குவேன்னு நிக்கறது முதல் தப்பு. அந்தக் கோடு அவன் எறங்கின அன்னைக்கு சரி, அவ்வளவுதான்.

இன்னொரு ஏமாத்தம் வீடியோ. கோஸ்ட் டு கோஸ்ட்னு ஒரு ரேஸ் 1983-லேருந்து நடக்குது, மேற்குக் கடற்கரை கூமாராலேருந்து கிழக்குக் கடற்கரை வரைக்கும் 243 கிலோமீட்டர், சைக்கிள், ஓட்டம், கயாக் எல்லாம் சேத்து. அதுல மலை ஓட்டம் இதே டிசெப்ஷன் ஆத்து வழியா ஏறி கோட் பாஸ் தாண்டி மிங்கா வழியா எறங்கறதுதான், முன்னணியில இருக்கறவங்க மூணு மணி நேரத்துக்கு அக்கம்பக்கத்துல முடிச்சிடுவாங்க. அதை யூட்யூப்ல பாத்துட்டு "மச்சான் மூணு மணி நேர மேட்டர்டா"ன்னு ஒருத்தன் எங்க குரூப்லயே சொன்னான். முதுகுல 14 கிலோ பையோட போற நமக்கு மிங்கா பக்கம் ஹட்டுக்கு நாலஞ்சு மணி நேரம், டிசெப்ஷன் பக்கம் ஆறேழு மணி நேரம், சில பேருக்கு இன்னும் கூட. கார் சைஸ் பாறைங்க, ஒண்ணு விட்டு ஒண்ணு ஏறி எறங்கி போறப்ப ஒரு கிலோமீட்டருக்கு அரை மணி நேரம் ஆகறது சாதாரணம். அந்த ரேஸ் நடத்தறவங்களே ஆத்துல தண்ணி அதிகமா இருக்கற வருஷம் மலை ஓட்டத்த ரோட்டுக்கு மாத்திருக்காங்க, அதை மட்டும் யாரும் வீடியோவா ஷேர் பண்றதில்ல.

கிறைஸ்ட்சர்ச்ல வெயிலடிச்சா அங்க மழைன்னு வெச்சுக்கங்க

இது எங்க ஊர்க்காரங்க, நான் உட்பட, திரும்பத் திரும்ப பண்ற தப்பு. சனிக்கிழமை காலைல ஜன்னலைத் தொறந்தா நீல வானம், சூடா காத்து, 28 டிகிரி, ஆஹா இதைவிட நல்ல நாள் கிடைக்குமான்னு பைய தூக்கிட்டு கிளம்பறது. அந்த சூடான காத்துதான் நார்வெஸ்டர். டாஸ்மன் கடல்லேருந்து ஈரத்தோட வர்ற காத்து மலையில முட்டி மேல ஏறி, குளுந்து, வெச்சிருக்கற தண்ணி அத்தனையும் மேற்குப் பக்கத்துல கொட்டிட்டு, காலியான காத்தா, காஞ்சு சூடாகி கிழக்க எறங்கி நம்ம வீட்டு ஜன்னலுக்கு வருது. மேற்க பாத்தீங்கன்னா மலைக்கு மேல வில்லு மாதிரி ஒரு மேகக் கோடு நிக்கும், நார்வெஸ்ட் ஆர்ச்னு சொல்வாங்க, அது தெரிஞ்சா அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஊத்திக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். டிசெப்ஷன் சரியா அந்தப் பக்கத்துலதான் இருக்கு. ஆர்தர்ஸ் பாஸ் ஊருல வருஷத்துக்கு 4 மீட்டருக்கு மேல மழை, சென்னையில சராசரியா ஒன்றரை மீட்டர் கூட வராது, அதுக்கே நமக்கு வேளச்சேரி ஞாபகம் வந்துடும்.

அதனால ஊர் வெதர் பாக்காதீங்க, இங்க வானிலை சொல்ற மெட்சர்வீஸ்ல ஆர்தர்ஸ் பாஸ் மலைக்குன்னே தனியா ஃபோர்காஸ்ட் போடறாங்க, அதைப் பாருங்க, மழை எவ்வளவு, காத்து எந்தப் பக்கம், உறைநிலை எந்த உயரத்துல எல்லாம் வரும். நீங்க நடக்கற நாள் மட்டும் இல்ல, அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் என்ன பெஞ்சிருக்குன்னும் பாக்கணும்.

எந்தப் பக்கத்துலேருந்து ஆரம்பிக்கறது

இதுல ஆளுக்கொரு அபிப்பிராயம் உண்டு, நான் என்னோடதை சொல்றேன். பெரும்பாலும் வீக்எண்ட் ஆளுங்க மிங்கா பக்கம் ஏறுவாங்க, ஏன்னா அது சுலபம், பாதி தூரம் நல்ல பாதை, காட்டுக்குள்ள டட்லி நாப்னு ஒரு மேடு ஏறி எறங்கினா மேல பலகை போட்ட நடைபாதை கூட இருக்கு. நாங்களும் அப்படித்தான் போனோம். அப்ப கஷ்டமான டிசெப்ஷன் ரெண்டாம் நாளைக்கு மிச்சம் இருக்கும். ரெண்டாம் நாள் ஃபோர்காஸ்ட் எப்பவும் முதல் நாளோடதை விட நம்பிக்கை கம்மி, அதுவும் நீங்க ஃபோர்காஸ்ட் பாத்து ஒரு நாள் ஆயிருக்கும், மேல சிக்னலும் கிடையாது.

அதை விட முக்கியம் இன்னொண்ணு. ஆத்தோட கீழ எறங்கறப்ப ஒவ்வொரு க்ராஸிங்கும் முந்தினதை விட பெருசு, ஏன்னா ரெண்டு பக்கமும் ஓடைங்க வந்து சேந்துக்கிட்டே இருக்கு. மேல முதல் க்ராஸிங் கணுக்கால் அளவுதான், அடுத்தது முழங்காலுக்குக் கீழ, அட சுலபமா இருக்கேன்னு மூணு மணி நேரம் எறங்கினப்புறம் தொடை வரைக்கும் இழுக்கற இடத்துல வந்து நிப்பீங்க, திரும்பி மேல போறதுக்கு மனசு வராது, அதுக்குள்ள மழை பெஞ்சிருந்தா பின்னாடி தாண்டின இடமும் ஏறியிருக்கும். ரெண்டு க்ராஸிங்குக்கு நடுவுல ஒரு கல்லுத் திட்டுல மாட்டிக்கிட்டு ராத்திரி உக்காந்திருக்கறது இப்படித்தான் நடக்குது. ஆத்துக்கு டிசெப்ஷன், ஏமாத்துன்னு பேரு வெச்ச ஆளு எதை நெனச்சு வெச்சாரோ தெரியாது, எனக்கு இதுதான் தோணும்.

தலைகீழா, டிசெப்ஷன் பக்கம் ஆரம்பிச்சா பெரிய க்ராஸிங் முதல் மணி நேரத்துலயே வந்துடும். தாண்ட முடியலையா, கார் பின்னாடியே நிக்குது, திரும்பி வந்து வழியில ஒரு காபி குடிச்சுட்டு வீட்டுக்குப் போகலாம். மேல போகப் போக ஆறு சின்னதாகும். வடக்குலேருந்து தெற்க மூவாயிரம் கிலோமீட்டர், டெ அராரோவாங்கற நெடுவழிய நடக்கறவங்களும் இந்த வழியாத்தான் ஏறறாங்க. ஏறுறது கால் வலிக்கும்தான், பரவால்ல.

தண்ணிய பாக்கத் தெரியாம எறங்கறது

ஆழம் தெரியாம காலை விடாதேன்னு நம்ம வீட்டுல சொல்லிக் குடுத்தது இங்க பாதிதான் சரி. ஆழத்தை விட வேகம்தான் ஆளைத் தள்ளுது. வேகம் ரெண்டு மடங்கானா தள்ற பலம் நாலு மடங்காகும், இது பிசிக்ஸ், நம்ம தைரியத்துக்கெல்லாம் கட்டுப்படாது. முழங்கால் அளவு தண்ணி வேகமா வந்தா இடுப்பளவு நிக்கற தண்ணிய விட மோசம்.

பாக்கறது எப்படின்னா, ஒரு குச்சிய எடுத்து நடுவுல போடுங்க, அது கூடவே கரையில நடங்க. நீங்க சாதாரணமா நடக்கற வேகத்தை விட குச்சி முந்திக்கிட்டு போச்சுன்னா அங்க எறங்காதீங்க. அப்புறம் கலர். நல்ல நாள்ல டிசெப்ஷன் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், அடியில இருக்கற கல்லுல கோடு கூட தெரியும். பால் ஊத்தின டீ கலர் வந்துடுச்சா, அடி தெரியலையா, கிளை, இலை, மரக்கட்டை மிதந்து வருதா, விட்டுடுங்க. அப்புறம் சத்தம், இது யாரும் சொல்லித் தர்றதில்ல. கரையில பேசாம ஒரு நிமிஷம் நில்லுங்க, தண்ணி இரைச்சலுக்கு அடியில டக்... டக் டக்னு கேரம் போர்டுல காய் முட்ற மாதிரி ஆனா ரொம்ப கனமா ஒரு சத்தம் வந்தா அடியில பாறைங்க உருண்டுக்கிட்டு இருக்கு. அது உங்க கால் எலும்பை விட பெரிய பாறை.

எங்க எறங்கறதுங்கறதும் அப்படித்தான். குறுகலா இருக்கற இடம் கிட்டக்க தெரியும், நாலு எட்டுல தாண்டிடலாம்னு தோணும், அங்கதான் ஆழமும் வேகமும். அகலமா பரந்து ரெண்டு மூணு கிளையா பிரிஞ்சு ஓடற இடத்துல தாண்டணும், ஒவ்வொரு கிளையும் தனித்தனியா தாண்டினா லேசு. ரெண்டு ஆறு சேர்ற இடம்னா சேர்றதுக்கு மேலயே போய் ரெண்டையும் தனியா தாண்டுங்க. வளைவுல வெளிப்பக்கம் ஆழமா அரிச்சிருக்கும், அந்தக் கரையில ஏறவும் முடியாது. எறங்கறதுக்கு முன்னாடி எதிர்க்கரைய மட்டும் பாக்காம கீழ்ப்பக்கம் பாருங்க, கால் வழுக்கினா எங்க போய் நிப்பேன்னு. கீழ மணல் திட்டு இருந்தா ஈரத்தோட போயிடும், மரம் விழுந்து குறுக்க கிடந்தா தண்ணி சல்லடையில போற மாதிரி கிளை வழியா போயிடும், நீங்க போக மாட்டீங்க.

பாறைக்கு பாறை தாவறது வேற. நம்ம பசங்களுக்கு ஷூ நனையக் கூடாதுன்னு ஒரு வெறி, அதுக்காக பாசி புடிச்ச கல்லுல தாவி மண்டைய உடைச்சுக்கறாங்க. நனையட்டும். நாள் பூரா நனைஞ்சேதான் இருக்கும், அதுக்கு ஏத்த மாதிரி ஊல் சாக்ஸ் போடுங்க, ஹட்டுக்குன்னு ஒரு ஜோடி காஞ்ச சாக்ஸ பையில பத்திரமா வெச்சுக்கங்க, அந்த ஜோடிய எந்தக் காரணத்துக்கும் வழியில தொடாதீங்க. வெறுங்கால்ல எறங்கினா குளிர்ல அஞ்சு நிமிஷத்துல கால் மரத்துடும், எந்தக் கல்லுல வெக்கறோம்னே தெரியாது. ஜீன்ஸும் லூஸ் ட்ராக் பேன்ட்டும் தண்ணிய பாய்மரம் மாதிரி புடிக்கும், ஷார்ட்ஸ் போட்டுக்கங்க, குளுந்தா உள்ள ஒட்டின மாதிரி தெர்மல்.

ஆளுக்கொரு பக்கமா எறங்கறது

நாங்க என்ன பண்ணோம்னா, பலசாலி முதல்ல போய் அந்தக் கரையில நின்னு கை நீட்டுவான், மத்தவங்க ஒவ்வொருத்தரா வருவாங்க, சினிமாவுல வர்ற மாதிரி. இது தப்பு. கை நீட்டறவனால அரை அடி தூரத்துக்குதான் உதவி, நடு ஆத்துல இருக்கறவன் தனி ஆளு. கயிறு கட்டறது அதை விடத் தப்பு, கயிறு கட்டின ஆளு விழுந்தா தண்ணி அவரை அழுத்தி அடியிலயே புடிச்சு வெச்சுக்கும், பழக்கப்பட்டவங்க கையில இல்லாம கயிறைத் தொடவே வேணாம்.

இங்க எல்லாருக்கும் சொல்லித் தர்ற முறை, எல்லாரும் தோளோட தோள் பக்கத்துல பக்கத்துல நிக்கணும், ஒருத்தர் கை அடுத்தவர் முதுகுக்கும் பைக்கும் நடுவுல போய் அவரோட பை ஸ்ட்ராப்பை இறுக்கிப் புடிச்சுக்கணும். மேல்பக்கத்துல, அதாவது தண்ணி வர்ற பக்கத்துல, பலமான ஆளு. அவர் மேல மோதி தண்ணி உடையும், அந்த மறைவுல மத்தவங்க. எதிர்க்கரைய பாத்தபடி எல்லாரும் ஒரே நேரத்துல சின்னச் சின்ன எட்டா, நேரா இல்லாம கொஞ்சம் கீழ்நோக்கி சாய்வா, தண்ணியோட சண்டை போடாம போகணும். வரிசை எப்பவும் தண்ணி ஓடற திசைக்கு இணையா இருக்கணும், குறுக்க திரும்பிடுச்சுன்னா அத்தனை பேர் மேலயும் தண்ணி மொத்தமா அடிக்கும். நடுவுல வேண்டாம்னு தோணினா யாராவது ஒருத்தர் சொன்னா போதும், திரும்பாம அப்படியே பின்னாடி அடி வெச்சு கரைக்கு வரணும். இதை வீட்டு லான்லயே ஒரு தடவை பழகிட்டுப் போங்க, பக்கத்து வீட்டுக்காரர் பாத்தா பாக்கட்டும்.

நெஞ்சு ஸ்ட்ராப் கழட்டியே இருக்கணும். இடுப்பு ஸ்ட்ராப் விஷயத்துல ரெண்டு கட்சி இருக்கு, மொத்தமா கழட்டணும்னு ஒண்ணு, ஒருத்தரை ஒருத்தர் புடிச்சுக்க அது வேணும்னு ஒண்ணு, எப்படியா இருந்தாலும் ஒத்தைக் கையில டக்குன்னு கழட்ட வர்றதான்னு கரையிலயே செஞ்சு பாத்துட்டு எறங்குங்க. பைக்குள்ள ஒரு பெரிய தடிமனான ப்ளாஸ்டிக் லைனர் போட்டு அதுக்குள்ள எல்லாத்தையும் வெச்சு வாயைச் சுருட்டிக் கட்டிட்டா உள்ள காத்து நின்னு பை மிதக்கும், தண்ணி இழுத்தா அதுவே உங்களுக்கு ட்யூப். அப்படி இழுத்துட்டா மல்லாக்க, கால் கீழ்ப்பக்கம் நீட்டி, கையால துடுப்பு போட்டு கரை ஓரத்துக்கு ஒதுங்கணும், நடுவுல எழுந்து நிக்கப் பாக்கக் கூடாது, பாறை இடுக்குல கால் மாட்டும்.

தனியா போறவங்களுக்கு என்கிட்ட முறை இல்ல. ஒரு நல்ல தடியா குச்சிய மேல்பக்கம் ஊனி போகலாம்னு சொல்வாங்க, போறவங்க போறாங்க, தண்ணி முழங்காலைத் தாண்டினா நான் போக மாட்டேன்.

திங்கக்கிழமை ஆபீஸ்

இப்ப எங்க கதைக்கு வர்றேன். சனிக்கிழமை மிங்கா வழியா ஏறி ஹட்டுக்கு வந்துட்டோம், சாயங்காலம் மேகம் எறங்குச்சு, ராத்திரி எட்டு மணிக்கு ஆரம்பிச்ச மழை தகரக் கூரையில விடிய விடிய அடிச்சுது. கோட் பாஸ் ஆயிரம் மீட்டருக்கு மேல, சுத்தி மரம் கிடையாது, ஹட்ல அடுப்பும் கிடையாது, நெருப்பு காயலாம்னு கனவு கண்டு வந்தவங்க ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளயே இருந்தோம். காலைல மழை விட்டுச்சு. கொஞ்சம் கீழ எறங்கிப் பாத்தா முந்தின நாள் சத்தமே இல்லாத ஓடை டீ கலர்ல பொங்கிட்டு இருக்கு.

உடனே என்ன பேச்சு வந்தது தெரியுமா, ஆத்தைப் பத்தி இல்ல. ஒருத்தனுக்கு திங்கக்கிழமை காலைல க்ளையன்ட் மீட்டிங். இன்னொருத்தனுக்கு கார் அடுத்த நாள் ஃப்ரெண்டுக்கு திருப்பிக் குடுக்கணும். அண்ணன் ஒருத்தர், எங்களை விட பத்து வயசு பெரியவர், அவருக்கு பொண்ணோட ஸ்கூல் நிகழ்ச்சி. "பாத்துப் பாத்து போயிடலாம்டா, மேலயே இருக்கறதால தண்ணி கம்மியாத்தான் இருக்கும்"னு நானே சொன்னேன், இப்ப நெனச்சாலும் வெக்கமா இருக்கு. ஆத்துல எறங்கலாமா வேணாமாங்கற முடிவை நாங்க ஆத்தங்கரையில எடுக்கல, வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டுல கேலண்டரைப் பாத்து ஞாயித்துக்கிழமை திரும்பிடுவோம்னு நாலு பேருக்கு வாக்கு குடுத்தோமே அப்பவே எடுத்துட்டோம். தண்ணி மேல இவ்வளவு எழுதினாலும் என் அனுபவத்துல ஆள விழ வெக்கறது இந்த அவசரம்தான். 19-ம் நூற்றாண்டுல இந்த நாட்டுல ஆத்துல மூழ்கி செத்தவங்க எவ்வளவு பேர்னா அதுக்கு "நியூசிலாந்து சாவு"ன்னே பேர் வெச்சிருந்தாங்க, பாவம் அவங்களுக்கு பாலமும் இல்ல ஃபோர்காஸ்ட்டும் இல்ல, நமக்கு ரெண்டும் இருந்தும் மீட்டிங் இருக்கு.

அண்ணன்தான் நிறுத்தினார். பேசாம போய் ஓடை ஓரத்துல, தண்ணி தொடற விளிம்புல ஒரு கல்லு, அதுக்கு ஒரு சாண் மேல ஒரு கல்லு, கீழ ஒரு கல்லுன்னு மூணு கல்லு வெச்சுட்டு வந்தார். ஒரு மணி நேரம் கழிச்சுப் பாத்து முடிவு பண்ணலாம், ஏறுதா எறங்குதான்னு அது சொல்லும்னார். ஒரு மணி நேரத்துல மேல் கல்லு முங்கிடுச்சு. மழை விட்டு ரெண்டு மணி நேரம் ஆகியும் தண்ணி ஏறிக்கிட்டு இருக்கு, மேல சரிவுல ஊறினதெல்லாம் இப்பதான் வருது. மதியம் பன்னண்டு மணிக்கு நடு கல்லு வெளிய வந்துச்சு, ரெண்டு மணிக்கு கீழ் கல்லும் தலை காட்டுச்சு. இந்த மாதிரி செங்குத்தான சின்ன ஆறுங்க சீக்கிரமா ஏறும், சீக்கிரமா எறங்கும், காத்திருக்கத் தெரிஞ்சா போதும். ஆனா ரெண்டு மணிக்கு கிளம்பினா அடிவாரம் போறதுக்குள்ள இருட்டு, அதனால அன்னைக்கும் ஹட்லயே தங்கிட்டோம்.

அப்பதான் அடுத்த தப்பு பல்லிளிச்சுது. சாப்பாடு ரெண்டு நாளைக்குதான் கணக்கு போட்டிருந்தோம். மிச்சம் இருந்தது ஒரு மேகி பாக்கெட், ஒரு பிடி அரிசி, ரசப்பொடி, பாதி சாக்லேட். நாலு தடிமாடுங்க ரசத்துல மேகி போட்டு குடிச்சோம், சத்தியமா நல்லாத்தான் இருந்தது, அது வேற விஷயம். ஒரு நாள் சாப்பாடும் ஒரு நாள் கேஸும் உபரியா எப்பவும் இருக்கணும், ஹட்ல சமைக்க ஸ்டவ் எதுவும் இருக்காது, நம்மளோடதுதான். தண்ணி மழைநீர் டேங்க்லேருந்து, கொதிக்க வெச்சு குடிங்க. படுக்கையும் முதல்ல வர்றவங்களுக்குதான், சம்மர்ல நெறைய பேர் வருவாங்க, தரையில படுக்கறதுக்கு தயாரா போங்க.

திங்கக்கிழமை காலைல எறங்கினோம். தண்ணி பழையபடி கண்ணாடி. பதினெட்டு க்ராஸிங் வரைக்கும் எண்ணினேன், அப்புறம் எண்ணறதை விட்டுட்டேன், பெரிய இடத்துல நாலு பேரும் தோள் கோத்து தாண்டினோம், தொடையத் தொடல.

சில்லறைத் தப்புகள்

கியான்னு ஒரு கிளி, பச்சை, றெக்கைக்கு அடியில ஆரஞ்சு, மலைக்கிளி. பாக்க அழகு, மூளை அதை விட. ஹட் வாசல்ல பூட்ஸ காயவெச்சா காலைல லேஸும் நாக்கும் இருக்காது, கம்பும் பையும் கூட தப்பாது. எல்லாத்தையும் உள்ள வெச்சுடுங்க, தீனி போடாதீங்க, அழிஞ்சுட்டு வர்ற இனம். ஓட்டிரா பக்கம் எறங்கினதும் சேண்ட்ஃப்ளைன்னு ஒரு கடிக்கற குட்டி ஈ வரவேற்கும், கொசுவாவது பாட்டு பாடிட்டு கடிக்கும். அப்புறம் கார், ஆரம்பிக்கற இடமும் முடியற இடமும் ஒரே ஹைவேயில மலைக்கு ரெண்டு பக்கமும் இருக்கு, அந்தக் கோடியில எப்படி காருக்குத் திரும்புறதுன்னு யோசிக்காம வந்து ஈரத் துணியோட ரோட்டோரம் கட்டைவிரலைக் காட்டிட்டு நின்னோம். சாயங்கால ட்ரெயினுக்கு டிக்கெட் எடுத்து வெச்சுட்டு நடக்கப் போறதும் வேணாம், அது மீட்டிங்கை விட மோசம், வழி நெடுக வாட்ச் பாத்துட்டே இருப்பீங்க.

போன் சிக்னல் உள்ள எங்கயும் கிடையாது. பிஎல்பின்னு ஒரு சின்ன பீக்கன், பட்டனை அழுத்தினா சாட்டிலைட் வழியா ரெஸ்க்யூ சென்டருக்கு போகும், வாடகைக்கே கிடைக்குது, குரூப்புக்கு ஒண்ணாவது வேணும், பை அடியில இல்லாம உடம்போட ஒட்டின பாக்கெட்ல, ஏன்னா பை தண்ணியில போயிட்டா பீக்கனும் போயிடும். ஹட்ல நோட்டுப் புத்தகம் இருக்கும், பேர், எங்கேருந்து வந்தோம், எந்தப் பக்கம் போறோம்னு எழுதுங்க, தங்கலேன்னாலும் எழுதுங்க, தேடி வர்றவங்க முதல்ல பாக்கறது அதைத்தான்.

வீட்டுல சொல்லிட்டுப் போறதுலயும் ஒரு தப்பு இருக்கு. நான் என் மனைவிகிட்ட ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வந்துடுவேன்னு மட்டும் சொல்லியிருந்தேன். வர்ற நேரம் வேற, வரலேன்னா தேடச் சொல்ற நேரம் வேற, ரெண்டையும் பிரிச்சு சொல்லணும்னு தெரியல. எட்டு ஆச்சு, பத்து ஆச்சு, பதினொரு மணிக்கு அவ இங்க அவசர நம்பரான 111-க்கு போன் பண்ணிட்டா. போலீஸ்தான் இங்க தேடற வேலைய ஒருங்கிணைக்கறது, அவங்க பொறுமையா எல்லாம் கேட்டுக்கிட்டு, நேத்து மழை, ஆறு ஏறியிருக்கும், புத்தி இருந்தா ஹட்லதான் இருப்பாங்க, நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் பாப்போம்னு சொல்லியிருக்காங்க. புத்தி இருந்தாங்கற இடத்துலதான் அவளுக்கு தூக்கம் போச்சாம்.

திங்கக்கிழமை மதியம் ஆர்தர்ஸ் பாஸ் ஊருக்குள்ள வந்தப்புறம் போனுக்கு உயிர் வந்து 23 மிஸ்டு கால் ஒண்ணா விழுந்துச்சு. இப்பல்லாம் கிளம்பறதுக்கு முன்னாடி ஃப்ரிட்ஜ் கதவுல அவளே ஒரு பேப்பர் ஒட்டறா, எந்த ரூட், யார் யாரு, கார் நம்பர், திரும்பற நாள் ஞாயிறு, அதுக்குக் கீழ சிவப்பு பேனாவுல "தேட ஆரம்பிக்க வேண்டியது: திங்கள் சாயங்காலம் 6", அதுக்கும் கீழ சின்ன எழுத்துல, மேகி எக்ஸ்ட்ரா நாலு பாக்கெட் வெச்சாச்சா.